இஸ்ரேல்–பாலஸ்தீன மோதலின் உயிரிழப்பு எண்களை வாசிப்பது எப்படி, எழுதுவது எப்படி

2024 மே 6ஆம் தேதி, ஐ.நா.வின் மனிதாபிமான விவகாரங்களுக்கான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா வெளியிட்ட காஸா நிலவர அட்டவணையில், கொல்லப்பட்ட பெண்கள் 9,500 பேருக்கு மேல் என்றும் 18 வயதுக்குட்பட்டோர் 14,500 பேருக்கு மேல் என்றும் இருந்தது. இரண்டே நாளில், மே 8ஆம் தேதி அட்டவணையில், பெண்கள் 4,959 பேர் என்றும் 18 வயதுக்குட்பட்டோர் 7,797 பேர் என்றும் வந்தது. ஐ.நா. தன் கணக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டது என்ற செய்தி உடனே உலகைச் சுற்றியது. அதே இரண்டு நாளில் மொத்த உயிரிழப்பு 34,735இலிருந்து 34,844ஆக ஏறியிருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு.

நடந்தது இதுதான். முதல் அட்டவணையின் பெண்கள், குழந்தைகள் எண்கள் காஸா அரசின் ஊடக அலுவலகம் சொன்னவை. இரண்டாவது அட்டவணையின் எண்கள் காஸா சுகாதார அமைச்சகத்திடமிருந்து வந்தவை. அதுவும் பெயர், வயது, அடையாள எண் எல்லாம் முழுமையாகப் பதிவான 24,686 பேரை மட்டும் பிரித்துக் காட்டியவை. கூட்டிப் பார்த்தால் விளங்கும்: 7,797 சிறாரும் 4,959 பெண்களும் 1,924 முதியோரும் 10,006 ஆண்களும் சேர்ந்தால் சரியாக 24,686 வருகிறது. மீதமிருந்த ஏறத்தாழ 10,000 பேர் மொத்தத்தில் இருந்தார்கள். வயதும் பாலும் உறுதியாகாததால் பிரிவினைக்குள் வரவில்லை. ஆகவே 7,797ஐ 34,844ஆல் வகுத்தவரும் தவறு செய்தார், 14,500 பொய்யாகிவிட்டது என்று முடிவுகட்டியவரும் தவறு செய்தார். 24,686ஆல் வகுத்தால் சிறார் 31.6 விழுக்காடு, அந்தத் தேதியில், அந்த மூலத்தை வைத்துச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இந்த மோதலைப் பற்றித் தமிழில் செய்தியோ கட்டுரையோ எழுதுகிறவர்களும், வந்து விழும் எண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கும் வாசகர்களும் கைக்கொள்ளக்கூடிய சில நடைமுறைகளை இங்கே சொல்கிறேன். யார் பக்கம் நியாயம் என்பது இதன் பொருளல்ல.

எண்ணுக்கு முன்னும் பின்னும்

எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் அதை எண்ணியவர் யார் என்று பார்க்க வேண்டும். அடுத்து, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் உரியது, எந்த நிலப்பகுதிக்கு உரியது, எந்த வகை மரணத்தை உள்ளடக்கியது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணி வந்ததா, கணக்கீட்டால் பெறப்பட்ட மதிப்பீடா என்பதையும் அறிய வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு விடை கிடைக்கவில்லை என்றாலும் அந்த எண்ணை ஒதுக்கிவைப்பதே நல்லது; அதே விவரம் முழு முகவரியோடு வேறிடத்தில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காஸா சுகாதார அமைச்சகத்தின் எண்ணில் மேற்குக் கரையில் இறந்தவர்கள் இல்லை. அவர்களை ரமல்லாவில் உள்ள பாலஸ்தீன ஆணையத்தின் சுகாதார அமைச்சகமும் ஓச்சாவும் தனியே கணக்கிடுகின்றன. லெபனானில் இறந்தவர்களும் 2025 ஜூனில் ஈரானுடன் நடந்த போரில் இரு நாடுகளிலும் இறந்தவர்களும் வேறு கணக்கு. "போரில் இறந்தவர்கள்" என்று எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையாக்கிவிட்டால் அதைப் பிறகு யாராலும் சரிபார்க்க இயலாது.

காஸா பட்டியல் உருவாகும் விதம்

ஹமாஸ் நடத்தும் அரசின் கீழ் இயங்கும் அமைச்சகம் என்பதால் இந்தப் பட்டியலை நம்பலாமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. 2023 அக்டோபர் 25ஆம் தேதி அமெரிக்க அதிபர் பைடன் இந்த எண்களில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். மறுநாளே அமைச்சகம் 6,747 பெயர்களை அடையாள எண், வயது, பாலோடு வெளியிட்டது. அன்றைய மொத்தம் 7,028, அதில் 281 உடல்கள் அடையாளம் காணப்படாதவை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் அந்த ஒன்பது இலக்க அடையாள எண். பாலஸ்தீனரின் மக்கள்தொகைப் பதிவேடு இஸ்ரேலின் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது என்பதால், இல்லாத ஆளுக்கு எண் கொடுத்துப் பட்டியலை நிரப்புவது எளிதல்ல. போர்களில் இறக்கும் பொதுமக்களைக் கணக்கெடுக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஏர்வார்ஸ் அமைப்பு, போரின் முதல் வாரங்களில் இறந்ததாகத் தான் தனியே திரட்டிய பெயர்களை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ முக்கால் பங்கு பொருந்தின. பொருந்தாத கால் பங்கு பட்டியலுக்கு வெளியே நின்ற பெயர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தொடக்கத்தில் மருத்துவமனைப் பிணவறைகளுக்கு வந்த உடல்களே கணக்கில் ஏறின. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்ததும் 2024 தொடக்கத்திலிருந்து குடும்பத்தினர் இணையப் படிவம் மூலம் மரணத்தைத் தெரிவிக்க வழி செய்யப்பட்டது. அந்த விண்ணப்பங்களை ஒரு நீதித் துறைக் குழு ஆராய்ந்து ஏற்ற பிறகே பெயர் சேர்க்கப்படும். பெயர்கள் நீக்கப்படுவதும் உண்டு. படிவத்தின் வழியே நுழைந்த சில பெயர்கள் இயற்கையாக இறந்தவர்களுடையவை என்றும், சில சிறையில் உயிரோடிருப்பவர்களுடையவை என்றும் தெரியவந்து 2025இல் நீக்கப்பட்டன. பட்டியல் திருத்தப்பட்டதை மோசடிக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. திருத்தவே படாத பட்டியல்தான் எனக்குச் சந்தேகம் தரும்.

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இடிபாடுகளுக்குள் கிடப்போர் இல்லை. அவர்கள் சுமார் 10,000 பேர் இருக்கலாம் என்று காஸாவின் மீட்புப் பணியினர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். மருந்தின்றி, சிறுநீரகச் சுத்திகரிப்பின்றி இறந்த நோயாளிகள் இந்த மொத்தத்தில் வருவதில்லை. போராளியா, பொதுமகனா என்ற பிரிவு இல்லை. யாருடைய குண்டு கொன்றது என்ற தகவலும் இல்லை, ஆதலால் காஸாவுக்குள்ளேயே தவறி விழுந்த ராக்கெட்டால் இறந்தவரும் அதே பட்டியலில்தான் இருப்பார்.

பெயர்ப் பட்டியல் வேறு, ஒரு சம்பவம் நடந்த முதல் சில மணி நேரத்தில் சொல்லப்படும் எண் வேறு. 2023 அக்டோபர் 17ஆம் தேதி இரவு காஸா நகரின் அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் குண்டு வெடித்தபோது 500 பேர் இறந்ததாக உடனே சொல்லப்பட்டது. பிறகு அமைச்சகம் 471 என்றது. அமெரிக்க உளவுத் துறை 100 முதல் 300 வரை என்று மதிப்பிட்டது. அது இஸ்ரேலின் தாக்குதல் என்று பாலஸ்தீனத் தரப்பு கூறியது. பாலஸ்தீன ஆயுதக் குழுவின் தவறிய ராக்கெட் என்று இஸ்ரேலும் அமெரிக்காவும் கூறின. இரவில், இருளில், சிதைந்த உடல்களுக்கு நடுவே எவராலும் 500 வரை எண்ண முடியாது. இப்படிப்பட்ட எண்களைக் குறைந்தது இரண்டு நாள் கிடப்பில் போடுவது நல்ல பழக்கம்.

இஸ்ரேல் தரப்பு எண்களும் திருத்தப்பட்டவையே

ஹமாஸ் இஸ்ரேல் மீது நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இறந்தவர்கள் 1,400 பேர் என்று ஒரு மாதம் வரை சொல்லப்பட்டது. நவம்பர் 10ஆம் தேதி இஸ்ரேல் அதைச் சுமார் 1,200ஆகத் திருத்தியது. கருகிப்போய் அடையாளம் தெரியாதிருந்த உடல்கள் பல, தாக்க வந்த ஹமாஸ் ஆட்களுடையவை என்று தடயவியல் சோதனையில் தெரிந்ததே காரணம். பின்னர் தேசியக் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுகளை வைத்துத் தொகுத்தபோது 1,139 என்று வந்தது: இஸ்ரேலியப் பொதுமக்கள் 695, பாதுகாப்புப் படையினர் 373, வெளிநாட்டவர் 71. வயல்களில் வேலை செய்துவந்த தாய்லாந்துத் தொழிலாளர்களும், வேளாண் பயிற்சிக்காக வந்து அலுமிம் கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) தங்கியிருந்த நேபாள மாணவர்கள் பத்துப் பேரும் அந்த வெளிநாட்டவரில் அடக்கம்.

அதற்குப் பிறகும் 1,195, 1,219 என்று சற்றே கூடிய எண்களை வாசித்திருப்பீர்கள். அவை முரண்பாடுகள் அல்ல. பணயக் கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட 251 பேரில் இறந்தவர்களை, முழுமையாகவோ பகுதியாகவோ, அன்றைய மரணத்தோடு சேர்ப்பதால் வரும் வேறுபாடு. அக்டோபர் 7 அன்றே கொல்லப்பட்டு உடல் மட்டும் எடுத்துச் செல்லப்பட்டவர் ஒரு வகை. 2023 டிசம்பர் 15ஆம் தேதி காஸா நகரின் ஷுஜாயியா பகுதியில் வெள்ளைத் துணியோடு வெளியே வந்தும் இஸ்ரேலியச் சிப்பாய்களாலேயே தவறுதலாகச் சுடப்பட்ட மூன்று பேர் இன்னொரு வகை. காஸா பட்டியலைப் போலவே இந்த எண்ணிலும் கொன்றது யார் குண்டு என்ற விவரம் கிடையாது.

இஸ்ரேலின் நினைவு நாளில் வெளியாகும் பெரிய எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணியில் உயிர்நீத்தோர் 25,000க்கு மேல் என்று அன்று அறிவிப்பார்கள். அந்தக் கணக்கு 1860ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது. எகிப்தோடும் சிரியாவோடும் நடந்த போர்கள், பணிக்கால விபத்துகள், நோய்கள் எல்லாம் அதில் உண்டு. அதைப் பாலஸ்தீன மோதலின் எண்ணாக எடுத்தாளக் கூடாது.

போராளி யார், பொதுமகன் யார்

மொத்த எண்ணில் தரப்புகளிடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அதைப் பிரிப்பதில்தான் சண்டை. காஸாவில் 2014 கோடையில் நடந்த போரைப் பாருங்கள். இறந்த பாலஸ்தீனர்கள் 2,310 என்றது காஸா சுகாதார அமைச்சகம், 2,251 என்றது ஐ.நா., 2,125 என்றது இஸ்ரேல். மூன்றுக்கும் இடையே பத்து விழுக்காடு கூட இடைவெளி இல்லை. ஆனால் ஐ.நா. அதில் 1,462 பேரைப் பொதுமக்கள் என்றது. இஸ்ரேலோ 761 பேரைப் பொதுமக்கள் என்றும், 936 பேரைப் போராளிகள் என்றும், மீதி 428 பேரை வகைப்படுத்தப்படாத வயதுவந்த ஆண்கள் என்றும் சொன்னது. அந்த 428ஐ எந்தப் பக்கம் போடுகிறோமோ அதற்கேற்ப வாதம் மாறிவிடுகிறது. இஸ்ரேல் தரப்பில் அந்தப் போரில் 67 சிப்பாய்களும் 6 பொதுமக்களும் இறந்தனர். சீருடையும் படைப்பதிவும் இருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை எழுவதில்லை.

2008–09 போரில் இந்தச் சிக்கல் காவலர்களை ஒட்டி வந்தது. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெட்செலெம், இறந்தவர் 1,387 என்று கணக்கிட்டு, சண்டையில் பங்கெடுக்காதோர் 773, பங்கெடுத்தோர் 330, முடிவு செய்ய இயலாதோர் 36 என்று பிரித்தது. எஞ்சிய 248 பேர் காவலர்கள், பெரும்பாலும் முதல் நாள் காவல் நிலையங்கள் மீது விழுந்த குண்டுகளில் இறந்தவர்கள். அவர்களைப் போராளிகளோடும் பொதுமக்களோடும் சேர்க்காமல் தனியாகவே நிறுத்தியது அந்த அமைப்பு. தெரியாததைத் தெரியாதது என்று தனி வரிசையில் வைக்கும் அந்த நேர்மையை நம் எழுத்திலும் கடைப்பிடிக்கலாம்.

இப்போதைய போரைப் பொறுத்தவரை, 2025 தொடக்கத்தில் சுமார் 20,000 போராளிகளைக் கொன்றதாக இஸ்ரேல் ராணுவம் கூறியது. அந்த ராணுவத்தின் உளவுப் பிரிவு வைத்திருந்த தரவுத்தளத்திலோ, இறந்ததாகவோ இறந்திருக்கக்கூடியதாகவோ குறிக்கப்பட்ட பெயருள்ள போராளிகள் 2025 மே வரை சுமார் 8,900 பேர் மட்டுமே என்று அவ்வாண்டு ஆகஸ்டில் செய்தி வெளியானது. அன்றைய மொத்தம் ஏறத்தாழ 53,000 என்பதால், பெயர் தெரிந்த போராளிகள் ஆறில் ஒரு பங்கு. "மீதி அனைவரும் பொதுமக்கள்" என்று எழுதத் தோன்றும். "ராணுவத்தால் போராளி என்று பெயர்சொல்லி அடையாளம் காட்டப்படாதவர்கள்" என்று எழுதுவதே சரி.

பெண்கள், சிறாரின் பங்கை வைத்து ஊகிப்பதிலும் பொறி இருக்கிறது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2024 நவம்பரில், தான் தனித்தனியே சரிபார்த்த 8,119 மரணங்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு சிறாரும் பெண்களும் என்று அறிவித்தது. அவை பெரும்பாலும் குடியிருப்புகள் மீதான தாக்குதல்களில் நிகழ்ந்த மரணங்கள். வீட்டில் இறந்தவர்களிடையே குழந்தைகளும் பெண்களும் மிகுந்திருப்பது எதிர்பார்க்கக்கூடியதே; அந்த எழுபது விழுக்காட்டை எடுத்து மொத்த எண்ணின் மேல் பெருக்கக் கூடாது.

மதிப்பீடுகளைக் கையாளுதல்

எண்ணப்பட்டது ஒன்று, மதிப்பிடப்பட்டது இன்னொன்று. கொரோனா காலத்தில் அரசின் மரணப் பட்டியலுக்கும் "கூடுதல் இறப்பு" கணக்குக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 2024 ஜூன் 30 வரை காயத்தால் இறந்தவர்கள் 64,260 பேர் என்று மதிப்பிட்டது. அமைச்சகத்தின் எண் அன்று 37,877. இந்த 64,260 எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு ஏரி மீன் கணக்கைச் சொல்லலாம். ஏரியில் நூறு மீன் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். மறுநாள் மீண்டும் நூறு பிடிக்கும்போது அதில் இருபது மட்டும் அடையாளத்தோடு இருந்தால், ஏரியில் ஏறத்தாழ ஐந்நூறு மீன் இருக்கும். மருத்துவமனைப் பட்டியல், இணையப் படிவப் பட்டியல், சமூக ஊடக இரங்கல் செய்திகளிலிருந்து தொகுத்த பெயர்கள் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எத்தனை பெயர்கள் பொதுவாக வருகின்றன, எத்தனை ஒன்றில் மட்டும் நிற்கின்றன என்று பார்த்து, எதிலுமே வராதவர்களின் எண்ணிக்கையை இதே முறையில் கணித்தார்கள். ஆகவே இதை எழுதும்போது 55,298 முதல் 78,525 வரை என்ற வீச்சையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வேறொரு வழியில், காஸாவில் 2,000 குடும்பங்களை நேரில் கேட்டு நடத்திய கணக்கெடுப்பு, 2025 ஜனவரி 5 வரை வன்முறையால் இறந்தவர் 75,200 என்றது. வீச்சு 63,600 முதல் 86,800 வரை. அன்றைய அமைச்சக எண் சுமார் 45,800. வழிகள் வேறாயினும் இரண்டு ஆய்வுகளும், அமைச்சகத்தின் எண் உண்மையைவிட ஐந்தில் இரண்டு பங்கு குறைவு என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்வது கவனிக்கத்தக்கது.

மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்பட்ட எண் 1,86,000. 2024 ஜூலையில் அதே லான்செட் இதழில் வந்த ஒரு கடிதத்தில் அது இருந்தது. அன்றைய 37,396 என்ற எண்ணை எடுத்து, ஒரு நேரடி மரணத்துக்கு நான்கு மறைமுக மரணங்கள் என்று வேறு போர்களின் அனுபவத்திலிருந்து பெற்ற விகிதத்தை வைத்து, வரும் மாதங்களிலும் ஆண்டுகளிலும் நிகழக்கூடியவற்றையும் சேர்த்துச் சொன்ன ஊகம் அது. அதுவரை இறந்தவர்களின் கணக்கு அல்ல அது. மேற்சொன்ன குடும்பக் கணக்கெடுப்பு, 2025 ஜனவரி 5 வரை பசி, நோய் முதலியவற்றால் கூடுதலாக இறந்தோர் சுமார் 8,540 என்றது. ஆனால் அது 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி காஸா மாகாணத்தில் பஞ்சம் உறுதிப்படுத்தப்படுவதற்கு முந்தைய நிலை என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய எண்கள்

1948க்குப் பின்னோக்கிப் போகப்போகப் பட்டியல்கள் மெலிந்துவிடும். இஸ்ரேல் உருவானபோது 1948இல் மூண்ட போரில் இஸ்ரேல் தரப்பில் சுமார் 6,000 பேர் இறந்தனர், அன்றைய யூத மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. பாலஸ்தீனர் தரப்பில் வரலாற்றாசிரியர் ஆரிஃப் அல்-ஆரிஃப் சுமார் 13,000 என்று தொகுத்தார். டெய்ர் யாசின் என்ற பாலஸ்தீனக் கிராமத்தில் 1948 ஏப்ரல் 9 அன்று யூத ஆயுதக் குழுக்கள் நடத்திய படுகொலையில் 254 பேர் இறந்ததாகப் பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். பிர்சைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிர்தப்பியவர்களைக் கேட்டுப் பெயர் பெயராகத் தொகுத்தபோது வந்தது 107. அதிகமான எண், தாக்கியவர்களுக்கு எதிர்த் தரப்பை அச்சுறுத்தவும், தாக்கப்பட்டவர்களுக்குத் தம் மக்களிடம் சினமூட்டவும் பயன்பட்டதால் இரு தரப்புக்கும் அதைத் திருத்தும் அவசரம் இருக்கவில்லை.

தமிழில் எழுதும்போது

ஆங்கிலச் செய்தியில் வரும் "கேஷுவல்டி" என்ற சொல்லை இறந்தவர் என்று பெயர்ப்பது நம் செய்தி மேசைகளில் மாறாத தவறு. நம் ஊரில் அது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பெயராகிவிட்டது. போர்ச் செய்தியில் அது இறந்தவரையும் காயமுற்றவரையும் சேர்த்துக் குறிப்பது. இந்தத் தவறால் இறந்தோர் எண் சில வேளை நான்கு மடங்காகிவிடும். ஐ.நா. அறிக்கையில் 18 வயதுக்குட்பட்டோர் அனைவருக்கும் ஒரே சொல்தான்; அதைக் "குழந்தைகள்" என்று எழுதினால் நம் வாசகர் மழலைகளை நினைப்பார். "சிறார்" என்றோ, இடம் இருந்தால் "18 வயதுக்குட்பட்டோர்" என்றோ எழுதலாம். "பலி" என்ற சொல் தலைப்பில் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கொன்றவர் இல்லாமலே மரணம் நிகழ்ந்ததுபோன்ற தொனியையும் தரும். ஒரு தரப்பு "கொல்லப்பட்டது", மறுதரப்பு "உயிரிழந்தது" என்று ஒரே செய்தியில் எழுதுவதை நானும் செய்திருக்கிறேன். ஒரு வாசகர் சுட்டிக்காட்டிய பிறகே கண்ணில் பட்டது.

"காஸாவில் 70 ஆயிரம் பேர் பலி" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். அதை இப்படி எழுதலாம்: "2023 அக்டோபர் 7 முதல் 2025 நவம்பர் இறுதி வரை காஸாவில் 70,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகக் காஸா சுகாதார அமைச்சகம் தெரிவித்துள்ளது; இந்தக் கணக்கு போராளிகளையும் பொதுமக்களையும் பிரிப்பதில்லை, இடிபாடுகளுக்குள் இருப்போரைச் சேர்ப்பதும் இல்லை." நீளம்தான். சுருக்க வேண்டியிருந்தால் கடைசிப் பகுதியை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளலாம், தேதியையும் எண்ணியவர் பெயரையும் தள்ளக் கூடாது. 2025 அக்டோபர் 10ஆம் தேதி போர்நிறுத்தத்துக்குப் பிறகும் இந்த எண் ஏறிக்கொண்டேயிருந்தது. புதிதாகக் கொல்லப்பட்டவர்களோடு, இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட உடல்களும், குழு அப்போதுதான் ஏற்றுக்கொண்ட பழைய விண்ணப்பங்களும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்தன. ஆகையால் இரண்டு தேதிகளின் எண்களைக் கழித்து "இந்த வாரம் இத்தனை பேர் இறந்தனர்" என்று எழுத வேண்டுமானால், அந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் அன்றாட அறிக்கையைத் தேடி எடுத்த பிறகே எழுத வேண்டும்.